அட்டாச்மென்ட் ஸ்டைல் அறிய ஈ.சி.ஆர்-ஆர் வினாத்தாள்: 36 வாக்கியம், இரண்டு எண், ஒரு மதிப்புரை

‘உங்கள் அட்டாச்மென்ட் ஸ்டைல் என்ன?’, அதாவது நெருக்கமானவரிடம் நீங்கள் ஒட்டிக்கொள்ளும் விதம் என்ன என்று கேட்கும் பத்துக் கேள்வித் தேர்வுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கடைசிக் கேள்வியைத் தாண்டியதும் ஒரு பட்டப்பெயர் வரும். முழு அறிக்கை வேண்டுமென்றால் பணம் கட்டச் சொல்லும். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன், காசு கேட்காத ஒன்றை நிரப்பிப் பார்த்துவிடுங்கள். அதன் பெயர் ஈ.சி.ஆர்-ஆர் (Experiences in Close Relationships-Revised), நெருங்கிய உறவுகளைப் பற்றிய வினாத்தாள். கிறிஸ் ஃப்ரேலி, நீல்ஸ் வாலர், கெல்லி பிரென்னன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. 36 வாக்கியங்களும், மதிப்பெண் போடும் முறையும், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரேலி வைத்திருக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு தாள், ஒரு பேனா, பத்து நிமிடம் போதும். இந்தத் துறையில் பொதுமக்கள் கையில் கிடைப்பவற்றுள் இதுவே சிறந்தது. ஆனால் படிக்கத் தெரியாமல் படித்தால் இதுவும் சாதகக் கட்டமாகிவிடும்.

முதலில், இது அளப்பது என்ன? ஓர் இயல்பூக்கத்தை. அச்சம், நோய், களைப்பு, இருட்டு, அந்நிய முகம், இப்படி ஏதாவது வந்தால் நம்மைக் காக்கக்கூடியவரிடம் ஓடி ஒட்டிக்கொள்ளும் ஊக்கம் அது. குழந்தை தாயிடம் ஒட்டுவது பால் கிடைப்பதால்தான் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். கம்பியால் ஆன தாயிடம் பால்புட்டி இருந்தது; துணி போர்த்திய தாயிடம் எதுவும் இல்லை. குட்டிகள் பசித்தபோது கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டே கிடந்தன. 1958-இல் வந்த இந்த முடிவும், பெருவாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட உருவத்தின் பின்னாலேயே நடப்பதைப் பற்றிய விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸின் ஆய்வும் லண்டன் மனநல மருத்துவர் ஜான் போல்பிக்குக் கைகொடுத்தன. பசி, தாகம் போல ஒட்டுதலும் தனியான ஓர் ஊக்கம், தொட்டிலில் தொடங்கிச் சுடுகாடு வரை அது நம்மோடு வரும் என்று அவர் வாதிட்டார்.

ஊக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அது பழகிக்கொள்ளும் விதத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-இல் உகாண்டாவின் கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களை வீட்டிலேயே போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளுக்கு 20 நிமிடச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். தாய் இருமுறை அறையை விட்டுப் போய்த் திரும்பி வருவார். பிரியும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வந்த தாயிடம் என்ன செய்கிறது என்பதையே அவர் உற்றுப் பார்த்தார். சில குழந்தைகள் ஓடிவந்து தொற்றிக்கொண்டு, சற்று நேரத்தில் ஆறி, இறங்கி விளையாடப் போயின. சில, இடுப்பில் ஏறியும் ஆறாமல் உதைத்து அழுதன. சில, தாயைத் திரும்பியும் பாராமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தன. அந்த மூன்றாம் வகைக்குக் கவலையே இல்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பின்னால் வந்தவர்கள் இதயத்துடிப்பை அளந்தபோது உள்ளே படபடப்பு இருந்தது தெரிந்தது. அழுகை வெளியே வராமல் அடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை அது.

கூப்பிட்டால் ஒரு நேரம் வருவார், ஒரு நேரம் வரமாட்டார் என்று கண்ட பிள்ளை குரலை உயர்த்துகிறது. கூப்பிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும் என்று கண்ட பிள்ளை குரலை விழுங்குகிறது. ஈ.சி.ஆர்-ஆர் பெரியவர்களிடம் அளப்பது இந்த இரண்டையும்தான். உயர்த்துவதற்குப் ‘பதற்றம்’ என்றும், விழுங்குவதற்கு ‘விலகல்’ என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டும் குறைவாக உள்ளவர் நிம்மதியாக ஒட்டவும் முடியும், நிம்மதியாகப் பிரிந்து வேலைக்குப் போகவும் முடியும்.

பெரியவர்களிடம் இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். 1992-இல் ஜெஃப்ரி சிம்ப்சன் குழுவினர் காதலர் 83 இணைகளை வரவழைத்தார்கள். பெண்ணிடம் மட்டும், ‘பலருக்குக் கலக்கம் தரும் ஒரு சோதனை இருக்கிறது’ என்று சொல்லி, கருவிகள் நிறைந்த இருட்டறையைக் காட்டிவிட்டு, இருவரையும் காத்திருக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். விலகல் குறைவான பெண்கள், பயம் கூடக்கூட ஆணிடம் நெருங்கி ஆறுதல் தேடினார்கள். விலகல் மிகுந்தவர்கள், பயம் கூடக்கூட ஆறுதல் கேட்பதைக் குறைத்தார்கள். ‘அவள் கல்நெஞ்சக்காரி, எதற்கும் கலங்கமாட்டாள்’ என்று நாம் முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. பயம் குறைவாக இருந்தபோது அவர்களும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். கலக்கம் ஏறும்போதுதான் கதவு சாத்திக்கொள்கிறது. 1998-இல் ஃப்ரேலியும் ஃபிலிப் ஷேவரும் விமான நிலையத்தில் இணைகளைக் கவனித்த ஆய்விலும் இதே கோலம்தான்: விலகல் மிகுந்த பெண்கள், துணை பிரிந்து போகும் வேளையில் ஒதுங்கி நின்றார்கள், சேர்ந்தே பயணம் போகும்போது அப்படி ஒதுங்கவில்லை.

இனி வினாத்தாள். முதல் 18 வாக்கியங்கள் பதற்றத்துக்கு, அடுத்த 18 விலகலுக்கு. ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை ஓர் எண் போட வேண்டும். நடுநிலைக்கு 4. பதற்ற வாக்கியங்கள் ‘துணையின் அன்பை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது’ என்கிற ரகம். விலகல் வாக்கியங்கள் ‘மனதின் ஆழத்தில் இருப்பதைத் துணையிடம் காட்டாமலிருக்கவே விரும்புகிறேன்’ என்கிற ரகம். தாளில் போட்டால் வரிசையைக் கலைத்துவிடுங்கள். 18 பயங்களை அடுத்தடுத்துப் படித்தால் பத்தாவது வாக்கியத்துக்குள் மனம் கனத்து, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போடத் தொடங்கிவிடும்.

பலர் தடுக்கி விழுவது கணக்கில்தான். சில வாக்கியங்கள் எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. பதற்றத்தில் 9, 11 ஆகிய இரண்டு. விலகலில் 20, 22, 26, 27, 28, 29, 30, 31, 33, 34, 35, 36 ஆகிய பன்னிரண்டு. ‘பிரச்சினைகளைத் துணையிடம் வழக்கமாகப் பேசுவேன்’ என்பதற்கு 6 போட்டால் அது விலகலுக்கு ஆதரவு இல்லை, எதிர். ஆகவே இந்தப் பதினான்குக்கும் போட்ட எண்ணை 8-இலிருந்து கழித்து எழுத வேண்டும். 6 என்பது 2 ஆகும். அதன் பிறகு ஒவ்வொரு பகுதியையும் கூட்டி 18-ஆல் வகுத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? மனம் திறந்து பேசும் ஒருவர், நேர் வாக்கியங்கள் ஆறுக்கும் 2, எதிர் வாக்கியங்கள் பன்னிரண்டுக்கும் 6 போட்டிருக்கிறார் என்று வையுங்கள். சரியாகக் கழித்தால் விலகல் 2.00. கழிக்காமல் விட்டால் 4.67. ஒரே ஆள், ஒன்றில் துணையிடம் எதையும் மறைக்காதவர், மற்றொன்றில் நெருங்கினாலே ஒதுங்குபவர். ‘எனக்கு ஏன் இப்படி வந்தது’ என்று குழம்புகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தக் கழித்தலைத்தான்.

இதிலேயே வினாத்தாளின் உள்குறை ஒன்றும் இருக்கிறது. எதிர் வாக்கியங்கள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் பன்னிரண்டு என்று சமமில்லாமல் நிற்கின்றன. எதைக் கேட்டாலும் ‘ஆமாம், ஓரளவு’ என்று தலையாட்டும் சுபாவக்காரர் எல்லாவற்றுக்கும் 5 போட்டால், பதற்றம் 4.78, விலகல் 3.67 என்று வரும். அவர் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, வெறுமனே தலையாட்டியிருக்கிறார். தாளோ அவரைப் ‘பதற்றக்காரர்’ என்கிறது. ஆகவே 5, 5, 5 என்று எண்கள் ஓடினால் நிறுத்திவிட்டு மறுநாள் போடுங்கள். இன்னொரு குறை, இந்தத் தாள் உயர்ந்த பதற்றத்தையும் உயர்ந்த விலகலையும் நுட்பமாகப் பிரித்துக் காட்டும். தாழ்ந்த பக்கத்தில் கண் மங்கல். 1.6-க்கும் 2.0-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் அர்த்தம் தேட வேண்டாம்.

இதன் முன்வரலாறு சுருக்கமானது. 1987-இல் சிண்டி ஹசானும் ஷேவரும் ஒரு டென்வர் நாளிதழில் வாசகர்களுக்கு வைத்த கேள்வித்தாளின் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பத்திகளில் எது தன்னைப் போல் இருக்கிறது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 56 சதவீதத்தினர் நிம்மதி வகையையும், 25 சதவீதத்தினர் விலகல் வகையையும், 19 சதவீதத்தினர் பதற்ற வகையையும் எடுத்தார்கள். பாதி இது, பாதி அது என்பவருக்கு அதில் இடமில்லை. 1998-இல் அதுவரை வந்த கேள்விகளையெல்லாம் திரட்டி 323 ஆகச் சுருக்கிப் பார்த்தபோது, அத்தனையும் இந்த இரண்டு அளவுகளுக்குள் அடங்கின. அந்தக் குவியலிலிருந்து, எந்த வாக்கியம் ஆட்களை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று புள்ளியியல் முறையில் பொறுக்கியதே 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு.

இந்த மதிப்புரையில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இது வகை சொல்லும் தேர்வு இல்லை. இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டு நான்கு கட்டமாக்கி, நிம்மதியானவர், பதறுபவர், உதறுபவர், அஞ்சி விலகுபவர் என்று நான்கு பெயர் வைப்பது படிக்க வசதிக்காக. ஃப்ரேலியும் வாலரும் 1998-இலேயே சோதித்து, மனிதர்கள் அப்படி நான்கு கூட்டமாகப் பிரிந்து நிற்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். உயரத்தைப் போலத்தான் இது; எங்கே கோடு கிழித்து ‘இதற்கு மேல் நெட்டை’ என்பது? பதற்றம் 3.9 வந்தவரும் 4.1 வந்தவரும் ஏறக்குறைய ஒரே ஆள். கட்டத்தில் மட்டும் ஒருவர் நிம்மதியானவர், மற்றவர் நோயாளி போலத் தெரிவார்.

அந்தக் கோட்டை 4-இல் போடுவதிலேயே இன்னொரு சிக்கல். தாளின் நடுப்புள்ளி 4. ஆனால் இணையத்தில் நிரப்பிய பல்லாயிரம் பேரின் சராசரி அங்கே இல்லை. பதற்றம் மூன்றரையை ஒட்டியும், விலகல் மூன்றை ஒட்டியும் நிற்கிறது. விலகல் 3.7 வாங்கியவர் நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பதால் ‘நிம்மதி’ கட்டத்தில் விழுவார். உண்மையில் அவர் பெரும்பாலோரைவிட அதிகம் விலகுபவர். ‘எனக்கு ஒரு குறையும் இல்லையாம், உனக்குத்தான்’ என்று கணவன் மனைவிக்குள் சண்டை மூள இந்த ஒரு கணக்குப் பிழை போதும்.

தமிழில் நிரப்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆங்கில மூலம் ‘காதல் துணை’ என்கிறது. நமக்குக் கணவன், மனைவி, காதலர் என்று ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டு நிரப்புவதே சரி. ‘துணையைச் சார்ந்திருப்பது எளிது’ என்ற வாக்கியத்தில் ‘சார்ந்து’ என்றதும் நம் மனம் பணத்துக்குப் போய்விடும். சம்பாதிக்கும் பெண் அங்கே 1 போடுவார். கேட்பதோ மனக் கஷ்டத்தில் சாய்ந்துகொள்வதைப் பற்றி. ‘கஷ்டம் வந்தால் அவர் தோளில் சாய முடியும்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். நிச்சயித்த திருமணம் முடித்து இரண்டு மாதம் ஆனவர் ‘துணையிடம் அநேகமாக எல்லாவற்றையும் சொல்வேன்’ என்பதற்கு 2 போட்டால் அது விலகல் ஆகாது. இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் ஓராண்டு பொறுத்து நிரப்புவது நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம், கஷ்டம் வந்தால் நாம் யாரிடம் ஓடுகிறோம் என்பது. அம்மாவிடமோ அக்காவிடமோ பள்ளித் தோழியிடமோ எல்லாம் கொட்டிவிட்டு, கணவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்பவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. ஈ.சி.ஆர்-ஆர் அவர்களை விலகல் மிகுந்தவர் என்று மட்டுமே சொல்லும். இதற்கு ஃப்ரேலி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஈ.சி.ஆர்-ஆர்.எஸ் என்ற சிறிய தாள் பொருத்தமானது. ஒன்பதே வாக்கியம், அதையே தாய், தந்தை, துணை, நண்பர் என நால்வருக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். முதல் ஆறு விலகலுக்கு, கடைசி மூன்று பதற்றத்துக்கு, முதல் நான்கை மட்டும் 8-இலிருந்து கழிக்க வேண்டும். இணையத்தில் யுவர் பெர்சனாலிட்டி டாட் நெட் தளத்திலும் இந்த வகைத் தேர்வு உண்டு. தோழியிடம் விலகல் 1.8, கணவரிடம் 5.2 என்று வந்தால், ‘நான் இப்படிப்பட்ட ஆள்’ என்ற எண்ணமே உடைந்துவிடும். அந்த உடைப்புதான் இந்தத் தாளிலிருந்து கிடைக்கும் மிகப் பெரிய பயன். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு முதலில் இதையே பரிந்துரைக்கலாம்.

இருவர் நிரப்புவதாக இருந்தால் தனித்தனி அறையில், தனித்தனித் தாளில். முடிந்ததும் மொத்த எண்களை ஒப்பிடுவதைவிட, 16-ஆம் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பேசுவது பயன் தரும்: ‘எனக்கு வேண்டிய அன்பும் ஆதரவும் துணையிடமிருந்து கிடைக்காதபோது கோபம் வருகிறது.’ பதற்றம் மிகுந்தவரும் விலகல் மிகுந்தவரும் சேர்ந்த இணைகளில் நடப்பது அநேகமாக ஒரே மாதிரி. ஒருவர் போன் எடுக்கவில்லை; மற்றவர் ஆறு முறை அடிக்கிறார்; முன்னவருக்கு மூச்சு முட்டி, சைலன்டில் போடுகிறார்; பின்னவருக்கு மனதுக்குள் பய அலாரம் இன்னும் உரக்க அடிக்கிறது. ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது, இருவரிடமும் அடிப்பது ஒரே அலாரம். வேலைக்கு ஆகும் மாற்றம் சிறியது: விலகுபவர், ‘இப்போது முடியாது, எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்’ என்று நேரம் சொல்லிவிட்டு, எட்டு மணிக்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும். பதறுபவர் எட்டு மணி வரை ஒரு முறைகூட அடிக்காமல் இருக்க வேண்டும். நேரம் சொல்லாமல் ‘கொஞ்சம் தனியாக விடு’ என்பது பதறுபவருக்குக் கதவை அறைந்து சாத்திய மாதிரி. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடாவிட்டால் முன்பைவிட மோசமாகும். எதையும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு ‘எல்லாம் அம்மா வளர்த்த விதம்’ என்று கிளம்ப வேண்டாம். ஒரு வயதில் பார்த்ததற்கும் இருபது வயதில் பார்ப்பதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் மெல்லிய தொடர்பு. நடுவில் வரும் நட்புகள், இழப்புகள், நல்ல துணை என எல்லாமே இந்த எண்களை நகர்த்துகின்றன. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை போட்டால் பழைய எண்தான் திரும்ப வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இதைத் தாளில் எங்கும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ‘துணை என்னைவிட்டுப் போய்விடுவாரோ’, ‘நான் கோபப்பட்டால்தான் என்னைக் கவனிக்கிறார்’ என்பவற்றுக்கு 7 போட்டவரின் பயம் உண்மையாகவே இருக்கலாம். துணை ஏமாற்றுகிறார், அடிக்கிறார், பேசாமலே வாரக்கணக்கில் தண்டிக்கிறார் என்றால் பதற்றம் 6-ஐத் தாண்டத்தான் செய்யும். அங்கே அலாரம் பழுதாகவில்லை, வீட்டில் நெருப்பு. தாளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ‘உன் ஸ்டைல்தான் பிரச்சினை’ என்று துணையே அந்த எண்ணைக் காட்டி மடக்கவும் கூடும். அடியும் மிரட்டலும் உள்ள உறவில் இதை நிரப்பவே வேண்டாம். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். மனக்கலக்கத்துக்கு இந்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.